நாப்பது மிஷினோட வராத

பெரிய எஞ்சினியரம்மாவுக்கு, கிணத்துக்கு வேட்டு வெச்ச உன் நைனா எழுதறது.

நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியான்னு ஆரம்பிக்கலாம்னுதான் பேனாவ எடுத்தேன். நான் நல்லா இல்ல பாப்பா. அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. திங்கக்கெழம நீ வேன்ல நாப்பது மிஷின ஏத்திக்கினு வர்ற, நம்ம ஊரு சமுதாயக் கூடத்துல காம்ப் போடற, உன் கம்பெனி பெரியவங்க ரெண்டு பேரு கூட வர்றாங்க. உங்கம்மா அத ஊரு பூரா சொல்லிட்டா. வர்றவங்களுக்கு சாமைப் பாயசம் வைக்கணும்னு மலைக்கு ஆள் அனுப்பி அரிசி வாங்கி வெச்சிருக்கா. அத்தனையும் கெடக்கட்டும். நீ வராத. வேன நிறுத்து. ஏன்னு கேப்ப, சொல்றேன், கோவப்படாம கடைசி வரைக்கும் படி. படிச்சிட்டு உன் கம்பெனிக்காரங்களுக்கும் காட்டு. காதுல இரைச்சல்னு சந்தவாசல்லருந்து கண்ணமங்கலம் வரைக்கும் உங்கிட்ட பேரு குடுத்த நாப்பது பேருக்கும் சத்தமா படிச்சுக் காட்டு, என் பேரச் சொல்லியே படி. போன்ல சொல்லித் தொலையறதுக்கு இன்னான்னு நெனைப்ப. நாலு நாளா போன கையில எடுத்து எடுத்து வெச்சிட்டேன். உன் கொரலக் கேட்டா என் வாயி தன்னால பொய்யி சொல்லுது, அதான் விஷயம்.

இந்த இரைச்சலப் பத்தி என்னவிட உனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். எந்த நரம்பு, மூளையில எந்த எடம்னு படம் போட்டுக் காட்டுவ. ஆனா அது இன்னா மாதிரி இருக்கும்னு நான் உங்கிட்ட ஒரு தடவகூட ஒழுங்கா சொன்னதில்ல. குக்கரு விசில் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சீறு சீறும் பாரு, அது. விசிலு வராது, சீறல் நிக்கவும் நிக்காது. இருவத்தாறு வருஷமா அடுப்ப அணைக்க ஆளில்ல. வலது காதுல மட்டும். சந்தைக்குப் போனா கொஞ்சம் மறக்கும், வூட்டுக்கு வந்து உக்காந்தா ஆரம்பிச்சிரும். நான் உன்மேல காரணமில்லாம எரிஞ்சு விழுந்த நாளெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். பத்தாவது பரிச்சைக்கு நீ வாய்விட்டுப் படிச்சப்ப புஸ்தகத்தப் புடுங்கி வீசினேன் இல்ல? உன்மேல கோவம் இல்ல கண்ணு. உன் கொரலு மேல அந்தச் சீறல் ஏறி ஏறி வந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்கல, அப்படி ஒரு வீம்பு.

அது எப்படி வந்துச்சுன்னு உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கேன். அது பாதிதான் நெசம். நானும் உன் கன்னியப்பன் மாமாவும் மலையடிவாரத்துல கிணறு வெட்டிக்கினு இருந்த காலம். கம்ப்ரசர் வண்டி ஓட்டறதுக்கு ஏழுமலை. பாறையில தமர் போடுவோம், அதான் வெடிமருந்து கெட்டிக்கற துளை. ஏழு தமர் போட்டா ஏழு திரி. நெருப்பு வெச்சிட்டு மேல ஏறி ஓடியாந்து ஒளிஞ்சுக்கினு எண்ணணும். ஒண்ணு, ரெண்டுன்னு ஏழு வேட்டும் கேக்கணும். ஆறுதான் கேட்டுச்சுன்னா மறுநாள் காலையில வரைக்கும் ஒருத்தனும் உள்ள எறங்கக் கூடாது, எவன் வந்து சொன்னாலும் கூடாது. எண்ணறது என் வேல. அன்னிக்கு கிணத்துக்காரரு அவசரப்படுத்தினாரு, பொழுது போறதுக்குள்ள கல்ல அள்ளிரணும்னாரு. நான் எண்ணினேன். ஆறு வரைக்கும் தெளிவா கேட்டுச்சு. ஏழாவது கேட்டுச்சா, மலையில பட்டுத் திரும்பின சத்தமா, எனக்குத் தெரியல. தெனம் வேட்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு அப்பவே என் காது கெட்டுப் போயிருந்துச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா எண்ணற வேலைய ஏழுமலைகிட்ட குடுத்திருவாங்களே. "இன்னா மச்சான், ஏழா?"ன்னு கன்னியப்பன் கேட்டான். "ஏழு"ன்னேன்.

அவன் கடப்பாரையோட எறங்கினான். மீதிய நான் எழுத வேணாம், அவனோட ஒரு கண்ணும் ரெண்டு வெரலும் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியும். நான் அவனத் தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்னு ஊரே பேசிச்சு, நீயும் ஸ்கூல்ல கட்டுரை எழுதி பரிசு வாங்கின. பழைய வேட்டு ஏதோ பாறையில தங்கியிருந்துச்சுன்னு நான் சொன்னத எல்லாரும் நம்பினாங்க. அவனும் நம்பினான். இத்தினி வருஷமா தீவாளிக்கு அவன் வூட்டுலருந்து எனக்குத்தான் மொதல்ல பலகாரம் வருது. அதத் தின்னுட்டுதான் இருக்கேன், பாவி.

சரி, உன் மிஷினுக்கு வர்றேன். நீ அத செய்யறதுக்கு எத்தன பாடுபட்டன்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான். மாசத்துக்கு ரெண்டு சனிக்கெழம பஸ்ஸுல வந்து எறங்குவ, பல்லு டாக்டரு வெக்கற மாதிரி ஒரு பசைய என் காதுல அப்பி அச்சு எடுப்ப. மொத மாடல் காதுலயே நிக்கல. ரெண்டாவது வேர்வை பட்டதும் சுள்ளுன்னு கடிச்சுது, அதுக்கு உப்புத் தண்ணில நனைச்ச பஞ்ச வெச்ச. என் வெரலு மொத்தம், அந்தச் சின்ன பட்டன அமுக்க வரலைன்னு நான் சொன்னதும் திருகற மாதிரி மாத்தின. காதுக் குழிக்குள்ள மாட்டற கொக்கி, அதுலருந்து சட்டப் பையில இருக்கற பொட்டிக்கு ஒரு ஒயரு, மாட்டினதும் கொஞ்ச நேரம் மட்டும் காதுல மழை பெய்யற மாதிரி ஒரு சத்தம். காதுல ஓடற நரம்பத் துளியூண்டு கரண்டால தட்டிக் குடுத்தா மூளை இரைச்சல மறக்கக் கத்துக்கும்னு நீ சொன்னப்ப, உங்கம்மா "உங்க நைனாவுக்கு எதாச்சும் கத்துக் குடுக்க முடியும்னு நெனைக்கிறியே, நீ பெரிய ஆளுதான்"னு சிரிச்சா. நீயும் சிரிச்ச. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு என் கையப் புடிச்சிக்கினு சொன்ன: "நைனா, இடது காதுல மட்டும்தான் மாட்டணும். வலது பக்கத்து நரம்பு நெஞ்சுத் துடிப்ப மெதுவாக்கிருமோன்னு ஒரு பயம் இருக்குது. மறந்தும் மாத்திப் போட்றாத." நெஞ்சுல ஒயரு ஒட்டி டாக்டரு படம் எடுத்துப் பாத்தப்புறம்தான் என் கையில குடுத்த. உன்மேல ஒரு குத்தமும் இல்ல, அத மொதல்ல எழுதிக்க.

ரெண்டு மாசம் இடது காதுல மாட்டினேன். ஒரு மண்ணும் இல்ல. சீறல் சீறிக்கினேதான் இருந்துச்சு. நீ தெனம் சாயங்காலம் போன் பண்ணி, "இரைச்சல் பத்துக்கு எத்தன நைனா?"ன்னு கேப்ப. மொத வாரம் எட்டுன்னேன், எட்டுன்னேன், எட்டுன்னேன். ஒவ்வொரு தடவையும் "சரி நைனா, பரவால்ல"ன்னு நீ சொல்றப்ப உன் கொரலு எறங்கிரும். கேக்க முடியல. ஒரு நாள் ஏழுன்னு சொல்லிப் பாத்தேன். அய்யோ, நீ சந்தோசப்பட்டியே! அவ்ளோதான், எனக்கு ருசி கண்டுபோச்சு. பத்து நாள் கழிச்சு ஆறு. அப்புறம் அஞ்சு. நடுவுல ஒரு நாள் ஏத்தி ஆறுன்னு எழுதினேன், ஒரேயடியா எறங்கினா சந்தேகம் வரும்ல. நீ குடுத்த நோட்டுல அழகா கட்டம் போட்டு எழுதினேன். அந்த நோட்டப் பாத்துத்தான் உங்க பெரியவங்க சரின்னாங்க, அதுலதான் உனக்கு உத்தியோக உயர்வு வந்துச்சு, அதுலதான் இந்த நாப்பது மிஷின் வந்துச்சு.

நீ ஒண்ணு கேக்கலாம், இடது காதுல ஒண்ணும் இல்லன்னா நோட்டுல கடைசியா மூணு, ரெண்டுன்னு அவ்ளோ உறுதியா எழுதினது எப்படின்னு. அது பொய்யில்ல. அங்கதான் விஷயமே இருக்குது. சீறல் வலது காதுல, மருந்து இடது காதுலயா? காலுல முள்ளு குத்தினா கையிலயா கட்டுப் போடுவாங்க? ஒரு நாள் மோட்டார் கொட்டாயில உக்காந்துக்கினு, பஞ்ச உப்புத் தண்ணில நல்லா நனைச்சு வலது காதுல மாட்டினேன். எந்தக் காதுலயும் மாட்டற மாதிரி கொக்கிய தட்டையா செஞ்சு குடுன்னு நச்சரிச்சவனே நான்தானே, அது சொகமா உக்காந்துச்சு. எத்தன நிமிசம் ஓடிச்சுன்னுதான் உன் பொட்டிக்குத் தெரியும், எந்தக் காதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கால் மணி நேரம் போச்சு. அப்புறம் சீறல் கொறைஞ்சுது. கொறைஞ்சு கொறைஞ்சு, பாப்பா, நின்னுச்சு. நெசமா நின்னுச்சு. கொட்டாய்க்கு வெளிய வேர்க்கடலைச் செடியில காத்து போறது கேட்டுச்சு. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. நான் அழுதேன். ஐம்பத்தெட்டு வயசுல பம்புசெட்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்கினு ஓன்னு அழுதேன்.

கண்ண முழிச்சப்ப நான் தரையில கெடந்தேன். வாய்க்கால் தண்ணி சட்டைய நனைச்சுக்கினு இருந்துச்சு. எவ்ளோ நேரம்னு தெரியாது. அழுத களைப்புன்னு நெனைச்சேன், இல்ல, அப்படி நெனைச்சுக்கணும்னு நெனைச்சேன். மறுநாளும் மாட்டினேன். நாலாவது நாள் மறுபடியும் விழுந்தேன், இந்தத் தடவ நெஞ்சு ஒரு அடி அடிச்சிட்டு அடுத்த அடிக்கு யோசிக்கறது எனக்கே தெரிஞ்சுது. போன மாசம் உங்கம்மாவப் பின்னாடி வெச்சிக்கினு கண்ணமங்கலத்துலருந்து வண்டியில வந்தப்ப, மிஷின மாட்டிக்கினே வந்தேன். எதிர்ல ரோடு வெள்ளையா போச்சு. வண்டி கழனிக்குள்ள எறங்கிருச்சு. சேறு இருந்ததால பொழைச்சோம். உங்கம்மாவுக்கு முட்டி பேந்தது அதுலதான், படியில வழுக்கினது இல்ல. "இன்னாங்க ஆச்சு?"ன்னா. நாய் குறுக்க வந்துருச்சுன்னேன். "எந்த நாய்? எனக்குத் தெரியாத நாய் எது?"ன்னு திரும்பித் திரும்பி ரோட்டப் பாத்தா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன். இப்ப நான் எங்க உக்காந்தாலும் பின்னாடியே ஒரு சொம்பு தண்ணியோட வந்து நிக்கறா.

இது என்னோட போயிருந்தா உனக்கு இத எழுதியிருக்க மாட்டேன், அந்த அளவுக்கு நான் யோக்கியன் இல்ல. கன்னியப்பன் வந்தான். அவனுக்கும் ரெண்டு காதுலயும் இரைச்சல், அது எந்த வேட்டுலன்னு உனக்கு இப்ப தெரியும். "மச்சான், உன் மூஞ்சி தெளிஞ்சிருக்குதே, பொண்ணு மிஷின் வேல செய்யுதா?"ன்னான். அவனுக்கு நான் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? ஒரு கண்ணுக்கு ஒரு மிஷின் ஈடுன்னு எனக்குள்ள இருக்கற திருட்டு மனசு கணக்குப் போட்டுச்சு. மூணு நாள் குடுத்தேன். காதும் காதும் வெச்ச மாதிரி சொன்னேன்: "இடதுன்னு பொண்ணு சொல்லும், வலதுல மாட்டு. அதுதான் வேல செய்யும்." மூணாம் நாள் அவன் பொண்டாட்டி அவன மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துலருந்து தூக்கினா. ஒதடு நீலம் பாரிச்சிருந்துச்சாம். நான் ஓடினப்ப அவன் எழுந்து உக்காந்து சிரிச்சிக்கினு இருந்தான். "மச்சான், சத்தம் நின்னுச்சுடா. நெஞ்சும் கூட நின்னா நிக்கட்டும் போ"ன்னான். நான் அவன் காதுலருந்து மிஷினக் கழட்டி எடுத்துக்கினு வந்தேன்.

அவன் சும்மா இருந்தானா? உன் லிஸ்ட்டுல பேரு குடுத்தவங்கள்ல முக்காவாசி பேரு எங்க பழைய கிணத்துக் கூட்டாளிங்க. ஒருத்தன் விடாம போய் சொல்லிட்டான். எல்லாரும் பேசி வெச்சிருக்காங்க, நல்லா கேட்டுக்க. திங்கக்கெழம நீ இடதுன்னு சொல்றப்ப எல்லாரும் "சரிங்கம்மா"ன்னு தலையாட்டுவாங்க. உன் கண்ணு முன்னாடி இடதுல மாட்டுவாங்க. வூட்டுக்குப் போய்ட்டு வலதுக்கு மாத்துவாங்க. நோட்டுல நல்ல நம்பரா எழுதுவாங்க, ஏன்னா நீ நம்ம பொண்ணு, வெளியூர்க்காரங்க முன்னாடி உன்ன விட்டுக் குடுக்கலாமா? எவனாவது விழுந்தா வெய்யிலுன்னு சொல்லுவாங்க. மலைப் பாதையில ஜீப்பு ஓட்டறானே ஏழுமலை, எங்க கம்ப்ரசர்காரன், அவன் பேரும் லிஸ்ட்டுல இருக்குது. ஜீப்பு ஓட்டறவன்னு சொன்னா நீ சேக்க மாட்டன்னு விவசாயின்னு எழுதிக் குடுத்திருக்கான். காலையில ஒடுகத்தூர்லருந்து ஆளுங்கள அடைச்சிக்கினு ஜவ்வாது மலை மேல ஏறுவான், சாயங்காலம் எறங்குவான். "இரைச்சல் போனா வளைவுல எதிர்ல வர்ற ஆரன் நல்லா கேக்கும்ல, ஓட்டறப்பவே மாட்டிக்கலாம்"னு டீக்கடையில எங்கிட்டயே சொல்றான். அந்த வளைவுங்க உனக்குத் தெரியும், வெளிப் பக்கம் ஒண்ணுமே கெடையாது.

நான் சும்மா இல்ல. முந்தாநாள் டீக்கடையில எல்லாரையும் உக்கார வெச்சு, வலதுல மாட்டினா செத்துப் போயிருவீங்கடான்னு கத்தினேன். அதுல என் நெஞ்சு எத்தன தடவ நின்னு போச்சுன்னு சொன்னேன். ஏழுமலை கேட்டான், "அப்ப நீ ஏன்டா இன்னும் சாவல?" எல்லாரும் சிரிச்சாங்க. கன்னியப்பன் மட்டும் சிரிக்கல. அவன் என்னப் பாத்து, "நீ அனுபவிச்ச, மத்தவன் அனுபவிச்சா உனக்கு வலிக்குதா மச்சான்?"ன்னான். அப்பதான் கிணத்து விஷயத்த அங்கயே ஒடைச்சேன். அன்னிக்கு ஏழு கேக்கல, ஆறுதான், நான் பொய் சொன்னேன், இப்பவும் நோட்டுல பொய் எழுதினேன், நான் சொல்லி ஒருத்தன் எறங்கினது போதும்னு சொன்னேன். கன்னியப்பன் என்ன அந்த ஒத்தக் கண்ணால பாத்தான். அப்புறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்து போய்ட்டான். சரி, நம்பிட்டாங்கன்னு நெனைச்சேன். நேத்து ஏழுமலை சொல்றான், மிஷின தனக்கே வெச்சிக்கறதுக்காக இவன் பழைய கிணறு கதையெல்லாம் கட்டறான்னு பேசிக்கறாங்களாம். பொய்க்காரன் நெசத்தச் சொன்னா இதான் கதி.

அதனால உனக்குத்தான் சொல்ல முடியும். காம்ப்ப நிறுத்து. என் நோட்டக் கிழிச்சுப் போடாத, அப்படியே உங்க டாக்டருங்ககிட்ட குடு, இந்தக் கடுதாசியையும் சேத்துக் குடு. உன் உத்தியோகத்துக்கு இடி விழும், தெரியும். உன்னத் தலை நிமிர வெக்கணும்னு பொய் சொன்னவன், இப்ப உன் தலைய குனிய வெக்கறேன். என்ன மன்னிக்க வேணாம். ஆனா நாளைக்கு மறுபடி மிஷின் செய்வ, நிச்சயமா செய்வ, அப்ப நாலு விஷயம் மனசுல வெச்சுக்க. ரெண்டு காதுக்கும் பொருந்தற கொக்கி ஆவாது. நான் எத்தன நச்சரிச்சாலும் கேக்காம, வலதுல வெச்சா நிக்காம விழற மாதிரி செய். காதுக்குள்ள இருக்கறப்பவே நெஞ்சுத் துடிப்பப் பாத்து தன்னால அணைஞ்சு போற மாதிரி எதாச்சும் வழி இருக்குதான்னு தேடு. மாட்டறவங்கிட்ட கேக்கறத விட அவன் வூட்டுக்காரிகிட்ட கேளு, அவன் எங்கெங்க விழுந்தான்னு. உன்மேல பிரியம் வெச்சவங்கிட்ட எத்தனன்னு கேக்கவே கேக்காத. கேட்டே ஆவணும்னா கொரல எறக்காம கேளு, எட்டுன்னு சொன்னா நல்லதுன்னு சொல்லு. எட்டுன்னு சொல்றவன்தான் உனக்கு ஒத்தாசை பண்றான். இதெல்லாம் ஆறாவதோட நின்னவன் எஞ்சினியருக்குச் சொல்ற புத்தி, கோவிச்சுக்காத.

உங்கம்மாகிட்ட காம்ப் இல்லன்னு இன்னும் சொல்லல. அரிசியில கல்லு பொறுக்கி வெச்சிட்டு உள்ள பாத்திரம் தேய்ச்சிக்கினு இருக்கறா. அவ சொம்பு வெக்கற சத்தம், கொழாய்ல தண்ணி சொட்டற சத்தம், எதிர் வூட்டுல ஆட்டுக்குட்டி தழைய கடிக்கற சத்தம், எல்லாம் எனக்கு ஒண்ணொண்ணா கேக்குது பாப்பா. எப்படிக் கேக்குதுன்னு உனக்கு இப்ப புரிஞ்சிருக்கும். கழட்டணும்னு தெனம் நெனைக்கிறேன். ஆறு பக்கம் எழுதறதுக்குள்ள பேனா மூணு தடவ கையிலருந்து விழுந்துருச்சு, எடுத்து எடுத்து எழுதறேன். நாப்பது மிஷினோட வராத. நீ மட்டும் வா, இன்னிக்கே பஸ் ஏறு. வந்து, இன்னா நைனா எப்படி இருக்கறன்னு கேக்காத, நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன். குடுன்னும் கேக்காத, குடுக்க மாட்டேன். நேரா வந்து என் வலது காதுலருந்து கழட்டிரு.